வெளியூர் வண்டி

டி.என். தொண்ணூற்றேழு வண்டிக்குக் கை காட்டுவதில்லை என்று அபிதகுசாம்பாள் ஒரு தீர்மானம் வைத்திருந்தாள். தொண்ணூற்றேழு என்றால் ஆரணி வண்டி. ஓட்டுகிறவனுக்கு அவளைத் தெரிந்திருக்கும். அவளைத் தெரியாவிட்டால் புருஷன் வேலுவைத் தெரிந்திருக்கும். இரண்டு பேரையும் தெரியாதவன் அவளை இறக்கிவிட்டுப் போனபிறகு யாரிடமாவது விசாரித்தாவது தெரிந்துகொள்வான், எங்கள் ஊர்க்காரர்களின் குணம் அப்படி. இருபத்து மூன்று வந்தால் வேலூர், தைரியமாகக் கை காட்டலாம். கர்நாடகா, ஆந்திரா வண்டியென்றால் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறவர்கள், அது இன்னும் உத்தமம்.

பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு சேவூரில் எந்தப் பெண்ணும் லிஃப்ட் கேட்பதில்லை. சும்மா போகிற பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டோரம் நின்று கை நீட்டுகிறவளைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் எங்கள் டவுன் பஸ்ஸைப் பஸ் என்று சொல்லக்கூடாது, நெசவாளர் சங்கப் பொதுக்குழு என்றுதான் சொல்லவேண்டும். ஏறினால் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அவளால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அவள் போளூரில் இருக்கிற மகளைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

ஹேமலதா ஒரே பெண். போளூர் காலனியைச் சேர்ந்த நெடுஞ்செழியனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். பையன் பால் குளிரூட்டும் நிலையத்தில் பாலைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறான், மாசச் சம்பளம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. சாதி ஒன்றுதான் வேறு. எங்கள் தெருவுக்கு அந்த ஒன்று போதும். அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று வேலு சொல்லிவிட்டார். போன் நம்பரையும் அழித்துவிட்டதாக யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவும் மகளும் சந்திப்பது போளூர் சம்பத்கிரி மலை அடிவாரத்தில். படிக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுபோனதை ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தடவிவிட்டு வருவாள். வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஒவ்வொரு தடவையும் ஹேமலதா, "வூட்டுக்கு வாம்மா" என்பாள். இவள் ஒவ்வொரு தடவையும், "நேரமாவுது, இன்னொரு நாள் பாக்கலாம்" என்பாள். வேலு மகளை வேண்டாம் என்றது ஊருக்குப் பயந்து. இவள் அந்த வீட்டுக்குள் போகாததற்கு ஊர் காரணமில்லை, வேலு காரணமில்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான். திரும்பும்போது வழியெல்லாம் மகளின் வாசனை கையிலேயே இருப்பதுபோல் மோந்து பார்த்துக்கொண்டு வருவாள்.

நினைத்த நாளில் போய்விடவும் முடியாது. பட்டுத்தறி ஓடுகிற வீட்டில் பெண்களுக்குத் தார் சுற்றுகிற வேலை ஓயாது. வேலு தறிக்குழியில் உட்கார்ந்து இழைகளுக்குக் குறுக்கே நாடாவை எறிய எறிய, நாடாவுக்குள் வைக்கிற நூலை இவள் ராட்டினத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். தறியில் நெடுக ஏற்றிய ஒரு பாவு முடிந்து சேலையை அறுத்த பிறகு, புதுப் பாவின் இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க முருகேசன் வருவார். அன்றைக்குத் தறி நிற்கும், ராட்டினமும் நிற்கும். வேலு முருகேசனை விட்டு நகரமுடியாது. அந்த ஒரு நாள்தான் அவளுக்குக் கிடைப்பது. படவேட்டு ரேணுகாம்பாளுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

ஆனால் வேலுவுக்குத் தெரியும். பொய்யைச் சரியாகச் சொன்னவள், கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. பாவு தீர்ந்துகொண்டு வருகிற நாட்களில் ராட்டினம் வழக்கத்தைவிட ஜல்தியாகச் சுற்றும். அவர் கேட்பதற்கு முன்னால் தார் வந்து பக்கத்தில் குவியும். முன்பெல்லாம் அப்படி இல்லை. நெய்கிறவனுக்கு இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? அவரும் அந்த நாட்களில் கொஞ்சம் வேகமாகத்தான் நெய்தார். ஏன் என்று அவரைக் கேட்டால் சேலை அவசரம் என்பார்.

ஐப்பசி மாதத்தில் அப்படி ஒரு பாவு முடிந்தது. ஹேமலதாவுக்கு ஏழாம் மாதம். அபிதகுசாம்பாள் விடியலில் எழுந்து புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் கிளறித் தூக்கில் அடுக்கினாள். கண்ணாடி வளையல்களைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். முறைப்படி செய்கிற வளைகாப்புக்கு வழியில்லை. அடிவாரத்திலாவது மகள் கையில் வளையலைப் போட்டுவிடவேண்டும் என்று இருந்தாள்.

"மழ வர்றா மாதிரி கீதே. இன்னிக்கே போவணுமா?" என்றார் வேலு.

"வேண்டுதல் நாள மாத்தக்கூடாதுங்க."

"தூக்கு பெரிசா கீது."

"கோயில்ல நாலு பேருக்குக் குடுக்கலாம்னு."

வேலு முருகேசனைப் பார்த்தார். முருகேசன் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, கொடைய எடுத்துக்க. போன கையில வச்சிக்க, பைக்குள்ள போட்டுடாத," என்றார் வேலு.

சேவூர் தாண்டி ரோட்டோரத்தில் நின்றாள். தொண்ணூற்றேழுகளாக வந்து தொலைத்தன. ஒவ்வொன்றுக்கும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பி நின்றாள். கடைசியில் வேலூர் நம்பரில் ஒரு டாடா ஏஸ், பின்னால் காலிக் கோழிக் கூண்டுகளோடு வந்தது. கை காட்டினாள், நின்றது. ஓட்டியவன் பேர் பாலமுருகன் என்று கண்ணாடியிலேயே எழுதியிருந்தது.

"எதுவரிக்கும்மா?"

"கண்ணமங்கலம் வரிக்கும் வுட்டா போதும்பா."

"நாத்தம் அடிக்கும், பரவால்லயா?"

"நீ ஏத்திகினதே பெரிசு."

கொஞ்ச தூரம் போனதும் அவன் கேட்டான். "பஸ்சு சும்மாதான போவுது உங்களுக்கு? எதுக்கு ரோட்ல நின்னுகினு பேஜார் படறீங்க?"

"பஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க."

அவன் சிரித்துவிட்டான். "நல்லா சொன்னீங்க. நானும் எங்க ஊர்ல வண்டிய நிறுத்தறதே இல்ல. ஒருத்தன ஏத்துனா பின்னாலயே கல்யாணம், கருமாதின்னு எல்லாத்தயும் பேசிகினு வருவான். தெரியாதவங்கன்னா ஏறனமா எறங்கனமான்னு போவாங்க."

"தெரியாதவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றாள்.

"நான் கேட்டனே."

"நீ பதில கேக்கல."

கண்ணமங்கலத்தில் அவள் இறங்கும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. போளூர் போகிற பக்கம் நின்று வந்த வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினாள். ஆந்திராக்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். குடை காற்றுக்கு மடங்கித் திரும்பிக்கொண்டது. தூக்கைச் சேலைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்போது ஹேமலதா போனில் கூப்பிட்டாள்.

"எங்கம்மா கீறே?"

"கண்ணமங்கலத்துல. வந்துகினே கீறேன்."

"இங்க செம மழம்மா. மலையடில நிக்கவே முடியாது. நேரா வூட்டுக்கு வந்துடும்மா. அத்தயும் வரச் சொல்றாங்க."

"மழ வுட்டுடும்மா. நீ நெனையாத."

"வுடாது. டிவில சொல்லிகினே கீறாங்க." ஹேமலதாவின் குரல் இறங்கியது. "ஒரே ஒரு தடவ வாம்மா. உள்ள வந்து என் கையில வளையலப் போட்டுட்டு அப்பிடியே போயிடு. நான் வேற எதுவுமே கேக்கல."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. மழை உள்ளே இறங்கியிருந்தது. அழுத்திப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள், அது உயிர் பிழைக்கவில்லை. திரும்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். எதிர்ப்பக்கம் ஆரணி பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. மகளைப் பார்க்காமல் இன்னொரு பாவு முடிகிற வரைக்கும் எப்படி இருப்பது என்று நினைத்தாள். அதற்குள் எட்டாம் மாதம் முடிந்துவிடும். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்தது. நம்பர் இருபத்தைந்து, திருவண்ணாமலை. ஓட்டியவர் உரச்சாக்கைத் தலைக்குக் கொங்காணியாகப் போட்டிருந்தார். அவள் கை காட்டாமலேயே நிறுத்தினார்.

"இந்த மழைல எங்கம்மா போறீங்க?"

"போளூருங்க."

"போளூருக்கு இன்னிக்கிப் போவ முடியுமோ என்னமோ. மெயின் ரோட்ல புளியமரம் சாஞ்சி வண்டிங்கல்லாம் நிக்குது. நான் உள்வழியாதான் போறேன். ஏறுங்க, முடிஞ்ச வரிக்கும் பாக்கலாம்."

அவர் பேர் துரை. கொத்து வேலை செய்கிறவர். மழைக்கு வேலை நின்றுபோய் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வயல்களுக்கு நடுவே வண்டி சேற்றில் இழுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு ஏரியைத் தாண்டியிருப்பார்கள், முன்னால் தரைப்பாலத்தின்மேல் செந்தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் நாலைந்து பேர் நின்று வராதே வராதே என்று கை ஆட்டினார்கள்.

"போச்சி. வந்த வழியிலயும் இந்நேரம் தண்ணி ஏறியிருக்கும்," என்றார் துரை. "எங்க வூடு இங்கதான் கிட்ட. இருந்துட்டுக் காத்தால போலாம். உங்க இஷ்டந்தான்."

இஷ்டம் என்று எதுவும் அவளிடம் இருக்கவில்லை. வண்டி ஊர்த்தெருவைத் தாண்டியது, கோயிலைத் தாண்டியது, கடைசி மாடிவீட்டையும் தாண்டி வயலுக்குள் இறங்கியது. எதிரே நீலக்கொடிக் கம்பமும் வரிசையாகத் தொகுப்பு வீடுகளும் தெரிந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. இதுவும் காலனிதான். துரை வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்த பெண்சாதியிடம், "சின்னபொண்ணு, ஒரு அம்மா வந்திருக்காங்க பாரு" என்றார். அபிதகுசாம்பாள் வாசலில் நின்றாள். கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் நேராக அவள் தோள்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"நெனஞ்சிகினு நிக்கறீங்களே, உள்ள வாங்க," என்றாள் சின்னபொண்ணு. வேறு வழியில்லாமல் இவள் குனிந்து உள்ளே போனாள்.

சின்னபொண்ணு மாற்றுச்சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், வெளுத்து மடித்த சேலை. இவள் கட்டிக்கொண்டு வருவதற்குள் அடுப்பு பற்றியிருந்தது. கேழ்வரகு களி கிளறுகிற வாசனையும் முருங்கைக்கீரை வாசனையும் வந்தன. சின்னபொண்ணு கிளறிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள்.

"எங்க வூட்ல சாப்புடுவீங்களா, இல்ல ஊர்ல போயி பன்னும் டீயும் வாங்கியாரச் சொல்லட்டா? சங்கடப்படாம சொல்லுங்க. நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்."

துரை தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். அவர் இன்னொரு தடவை மழைக்குள் போகத் தயாராக இருந்தது தெரிந்தது. அபிதகுசாம்பாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இதுவே போதும்மா. பசிக்குது," என்றாள்.

களியைச் சூடாகத் தின்றாள். நன்றாக இருந்தது. தூக்கைத் திறந்து மூன்று சாதத்தையும் அவர்கள் முன்னால் வைத்தாள். நாளைக்குள் எல்லாம் ஊசிப்போகும், மகளுக்குப் போய்ச் சேராது.

"கல்யாண சாப்பாடு கணக்கா கீதே," என்றார் துரை.

"எம் பொண்ணுக்கு ஏழாம் மாசம்," என்றாள். அப்படிச் சொன்னதும் பையிலிருந்த வளையலையும் காட்டவேண்டும் என்று தோன்றியது. அவள் தெருவில் யாரிடமும் அதைக் காட்ட முடிந்ததில்லை. சின்னபொண்ணு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வளையல்களை வாங்கிப் பார்த்தாள்.

"பச்சையும் செவப்புமா நல்லா கீது. போளூர்லதான் குட்த்திருக்கீங்களா?"

"ஆமா."

"மாமியா வூட்ல நல்லா வெச்சிகினு கீறாங்களா?"

"நல்லாதான்."

"கட்டிலு கீதா? ஏழாம் மாசத்துக்கு மேல தரையில படுத்தா எழுந்திரிக்கறதுக்குள்ள உயிர் போயிடும். எங்க பெரியவ வயித்துல இருக்கச்சொல்ல நான் பட்டேன்."

அபிதகுசாம்பாள் தூக்கின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தண்ணி உள்ளயே வருதா, தூக்கியாரணுமா? கக்கூஸ் வெஸ்டர்ன் டைப்பா?"

"தெரியாதும்மா."

"தெரியாதா?"

"நான் அந்த வூட்டப் பாத்ததில்ல."

சின்னபொண்ணு வளையலைக் கீழே வைத்தாள். "ஏங்க, சண்டையா?"

"சண்ட இல்ல." சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அந்தக் களியைத் தின்றுவிட்டு எப்படிச் சொல்லாமல் இருப்பது? "எம் பொண்ணு இஷ்டப்பட்டு கட்டிகினா. அவங்க உங்க ஆளுங்க."

துரை எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"அப்ப இங்க எப்பிடி சாப்ட்டீங்க?" என்றாள் சின்னபொண்ணு. அவள் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மழையாச்சேம்மா."

"ஓ. மழைக்கு."

சின்னபொண்ணு எழுந்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள், கழுவினாள், பாயை விரித்தாள், காற்று வராத பக்கமாகப் பார்த்துத் தலையணையைப் போட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அபிதகுசாம்பாளுக்கு. துரையின் போனைக் கேட்டு வாங்கினாள், ஆனால் வேலுவின் நம்பரோ மகளின் நம்பரோ அவளுக்கு மனப்பாடமில்லை. எந்த விரலால் எதை அழுத்தினால் யார் வருவார்கள் என்று மட்டும்தான் தெரியும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். கட்டில் இருக்கிறதா, கட்டில் இருக்கிறதா என்று மனசு அதையே கேட்டுக்கொண்டிருந்தது. பெற்ற பெண் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறாள் என்று தெரியாத அம்மா தான் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்து அழுதாள்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. அவள் சேலை காயவில்லை. "இதையே கட்டிகினு போங்க. இந்தப் பக்கம் வரச்சொல்ல குடுத்தா போதும்," என்றாள் சின்னபொண்ணு. பிறகு, "பொண்ண கேட்டதா சொல்லுங்க" என்றும் சொன்னாள். அபிதகுசாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

துரை சுற்றுவழியாகப் போளூருக்குக் கொண்டுபோனார். சம்பத்கிரி மலை தெரிந்ததும், "அடிவாரத்துலதான எறங்கணும்?" என்று கேட்டார்.

"இல்லீங்க, காலனிக்குப் போங்க. நெடுஞ்செழியன் வூடுன்னு கேக்கணும்."

அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு பெட்டிக்கடையில் கேட்டார்கள். பால் சொசைட்டி செழியனா என்று கடைக்காரர் கை காட்டினார். துரை வாசலில் இறக்கிவிட்டு, "வரேம்மா" என்று வண்டியைத் திருப்பினார்.

கதவைத் திறந்தது கன்னியம்மாள், நெடுஞ்செழியனின் அம்மா. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கன்னியம்மாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஹேமலதாவின் மூக்கு அப்படியே அம்மாவின் மூக்கு.

"உயிரோட கீறீங்களா?" என்றாள். "ராத்திரியெல்லாம் நாங்க யாரும் தூங்கல. உங்க வூட்டுக்காரர் போன் பண்ணாரு, அவ அங்க வந்தாளான்னு. வரலன்னு இவ சொன்னதும் அந்தாளு போன்லயே அழுதுட்டாரு. வெள்ளனே பால் வேன் ஆரணிக்குப் போச்சி, அதுல ஏறி எம் பையனும் இவளும் உங்க வூட்டுக்குத்தான் போயிருக்காங்க."

"அவரு போன் பண்ணாரா?"

"அவரேதான்."

இவ்வளவு தூரம் வந்து மகள் இல்லை. மகள் இருக்கிற இடம் தன் வீடு.

"உள்ள வாங்க," என்றாள் கன்னியம்மாள். பிறகு அடக்க முடியாமல், "மலையடி வரிக்கும் வந்து வந்து போனீங்க. இவ திரும்பி வந்து சுவத்தப் பாத்துகினு படுத்துக்குவா. எனக்குக் கோவந்தான், மறைக்க மாட்டேன். ஆனா நீங்க உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே போனாள். கட்டில் இருந்தது. ஜன்னலைப் பார்க்கத் தலைவைத்திருந்தது. தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பும் மாத்திரைகளும் இருந்தன, ஆணியில் ஹேமலதாவின் நைட்டி தொங்கியது. அவள் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைத் தடவினாள். மெத்தையில் மகள் படுத்த பள்ளம் இருந்தது. அதில் கையை வைத்தபடியே இருந்தாள்.

கன்னியம்மாள் போனைப் போட்டு, "வந்துட்டாங்கடி" என்று சொல்லி அவள் கையில் கொடுத்தாள்.

"அம்மா, எங்க கீறே?" ஹேமலதாவின் குரல் உடைந்திருந்தது.

"உங்க வூட்ல."

ஹேமலதா, "உள்ளயா, வெளியிலயா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்டதும் அபிதகுசாம்பாளுக்கு முகம் கோணிக்கொண்டது. "உள்ளதாம்மா," என்றாள். "உன் கட்டில்ல உக்காந்துகினு கீறேன்."

ஹேமலதா அழுதாள். அப்புறம் போன் கை மாறியது.

"சாம்பா," என்றார் வேலு. அவர் அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. "பொண்ணு வந்திருக்கா. மாப்பிள்ளையும் வந்திருக்காரு."

"சாப்பிட இன்னா குட்த்தீங்க?"

"முருகேசன் இட்லி வாங்கியாந்தான். மிச்ச இழையப் பிணைக்க வந்தவன இன்னிக்கி வேணான்னு அனுப்பிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "பால் வேன் திரும்பப் போவுதாம். இன்னொரு ஆளுக்கு எடம் கீதுன்னு மாப்பிள்ள சொல்றாரு. நான் வந்தா, அவங்க ஏதாவது நெனப்பாங்களா?"

அபிதகுசாம்பாள் கன்னியம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். போனில் வந்தது அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"வாங்க," என்றாள் அபிதகுசாம்பாள். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சம்மந்தி, அரிசி எதுல போட்டு வெச்சிருக்கீங்க? கொண்டாந்த சாதத்த வழியில குட்த்துட்டேன். அவங்க வர்றதுக்குள்ள கிளறிடலாம்."

"புளி இல்ல, வாங்கணும்," என்றாள் கன்னியம்மாள்.

"எலுமிச்சம்பழம்?"

"அது கீது."

அபிதகுசாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.